ஊராரும் விருந்தினரும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்ட இரு சாசனங்களைப் பற்றி நம் மேடைகளில் பேசாதார் இல்லை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த அவ்வூரில், முப்பது குடும்புகளிலிருந்தும், அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்தும், பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டதும், விவரம் அறியாத ஒரு பாலகன் கையால் அவை எடுக்கப்பட்டதும், கணக்குக் காட்டாதவனோடு அவனுடைய உறவினரும் விலக்கப்பட்டதும் பெருமைக்குரிய செய்திகளே. ஆனால் பெருமை பேசுகிறவர்கள் ஓலை எடுத்த விதத்தோடு நின்றுவிடுகிறார்கள். எவன் பெயரை ஓலையில் எழுதலாம் என்று சபையார் விதித்த பகுதியே என் சிந்தையை நெடுங்காலமாகப் பற்றியிருக்கிறது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாய், சொந்த மனையில் வீடு எடுத்துக்கொண்டு வாழ்கிறவனாய், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டவனாய், வேதம் கற்றவனாய் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த தகுதி. அது அந்தணர் சபை ஒன்றின் விதி. அக்காலத்து ஊர்கள் யாவும் அவ்விதமே நடந்தன என்று சொல்ல முடியாது. எனினும், ஊர்க் காரியத்தில் வாய் திறக்கும் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் கேள்விக்கு அவர்கள் தெளிவாக ஒரு விடை கண்டிருந்தார்கள்.

அங்கிருந்து கிழக்கே கடற்கரைக்கு வந்தால், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துச் சாசனம் ஒன்று வேறு விதமாய்ப் பேசுகிறது. நகரத்தார் ஒன்றுகூடி, வரிக்குரிய நிலங்களைக் கூறு செய்து பங்கிட்டுக்கொண்டபின், நிலமில்லாது வாணிபத்தாலும் கூலி வேலையாலும் பிழைப்பவர்களும் ஊரின் வரியில் ஒரு சிறு பங்கைத் தாங்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். துறைமுகப் பட்டினம் ஒன்றில், பல தேசத்து மரக்கலங்கள் வந்து போன கரையில், நிலமில்லாதவர் எல்லாரும் அவ்வூரிலேயே பிறந்தவராக இருந்திருக்க மாட்டார்கள். அவர்களும் ஊரின் பாரத்தைச் சுமக்கவேண்டும் என்பதை நகரத்தார் அறிந்திருந்தார்கள். பாரத்தைச் சுமந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் அமர இடம் இருந்ததா என்பதைக் கல் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கரையில் அந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்லாமல் இருக்கிறோம் என்பதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

1983-ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழகத்துக்கு உயிர் தப்பி வந்தவர்களின் தொகை, அரசின் கணக்குப்படி, மூன்று இலட்சத்துக்கும் மேல். அவர்களிற் பலர் திரும்பிச் சென்றார்கள். பலர் மேலை நாடுகளுக்குப் போனார்கள். எஞ்சியவர்களுள் 58,822 பேர் 29 மாவட்டங்களில் உள்ள 108 முகாம்களிலும், 34,087 பேர் காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு முகாம்களுக்கு வெளியேயும் வாழ்கின்றனர் என்று 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அகதி முகாம் என்னும் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த உதவித் தொகையை 1,500 ஆக்கியதும், இடிந்து சரியும் நிலையிலிருந்த வீடுகளுக்குப் பதிலாக 7,469 புதிய வீடுகள் கட்ட முற்பட்டதும் அந்த அறிவிப்பின் பயன்கள். செய்தவர்களை மனமாரப் பாராட்ட வேண்டும்.

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிப் போய், மரக்காணத்தையும் கடந்து சென்றால், புதுச்சேரியை நெருங்குமுன் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி என்று அளந்து கட்டிய பழைய அறைகள் எப்படி இருந்தன என்பதைத் தமிழகத்தின் எந்த முகாமுக்குப் போனவரும் அறிவர்: ஒரு சுவரைப் பொதுவாகக் கொண்ட வரிசை வீடுகள், முன்னால் ஓலையோ தகரமோ இழுத்துக் கட்டிய சமையற் சாய்ப்பு, குழாயடியில் வரிசை வைத்த நீலக் குடங்கள், மாதத்தில் குறித்த நாளில் வருவாய்த் துறையினர் பதிவேட்டோடு வந்து உட்கார, வேலைக்குப் போகாமல் காத்திருந்து ஒவ்வொருவராய்க் கையெழுத்திடும் குடும்பங்கள். முகாம்களில் வாழும் ஆடவரில் மிகப் பலருக்குப் பெயின்ட் அடிப்பதே தொழில். இந்தக் கடற்கரைச் சாலையின் இரு மருங்கிலும் எழுந்திருக்கும் விடுதிகளுக்கும் பங்களாக்களுக்கும் வண்ணம் பூசிய கைகளுள் அவர்கள் கைகளும் உண்டு. அவர்களுக்கு ஆதார் அட்டை இருக்கிறது, ஏனெனில் அது குடியுரிமையைப் பொறுத்ததன்று, வாசத்தைப் பொறுத்தது. கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நம்மைப் போலவே வரி செலுத்துகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள், இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். முகாம் எந்த ஊராட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த ஊராட்சியின் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

இது நியாயமா என்பதே கேள்வி. இதனைச் சட்டக் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வாக்காளர் பட்டியலில் இடம் பெறுவதற்குப் பாரதப் பிரஜையாக இருத்தல் வேண்டும் என்று 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது, உள்ளாட்சிக்கும் அந்தப் பட்டியலே ஆதாரம், ஆகவே அவர்களுக்கு வாக்கு இல்லை. சட்டம் இவ்விதம் இருப்பதை நான் அறிவேன். ஆனால் சட்டம் எந்த தர்மத்தின்மீது நிற்கிறதோ அந்த தர்மத்தை விசாரிப்பது பிரஜைகளின் கடமை.

நம்முடைய அரசியல் சாசனமே மனிதனை இரு வகையாகப் பார்க்கிறது. சட்டத்தின் முன் சமத்துவத்தை 14-ஆம் பிரிவும், உயிருக்கும் சுதந்தரத்துக்கும் பாதுகாப்பை 21-ஆம் பிரிவும் பிரஜைக்கு மட்டும் கொடுக்கவில்லை; எந்த மனிதனுக்கும் கொடுக்கின்றன. பேச்சுரிமை, கூடும் உரிமை முதலியவற்றைச் சொல்லும் 19-ஆம் பிரிவு பிரஜைகளுக்கே உரியது. அதாவது, அந்நியனைத் துன்புறுத்தாதே என்று சாசனம் நமக்கு ஆணையிடுகிறது. அவனோடு கலந்து ஆலோசி என்று ஆணையிடவில்லை.

இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. புகாரிலிருந்து பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த கண்ணகி, ஆயர் சேரியில் மாதரி கொடுத்த புகலிடத்தில் இருந்தவள். அந்நகரில் அவளுக்கு நிலமில்லை, உறவில்லை, பாண்டிய நாட்டுக்கு அவள் குடியும் அல்லள். ஆயினும் அரண்மனை வாயிலில் அவள் நின்றபோது காவலன் தடுக்கவில்லை. நீ யார் என்று மன்னன் கேட்டதற்குச் சோழ நாட்டுத் தன் ஊரைச் சொன்ன பின்னும், வேற்று நாட்டவள் என்று அவள் வழக்கு தள்ளப்படவில்லை. நீதி கேட்கும் உரிமைக்குக் குடியுரிமை வேண்டியதில்லை என்னும் கொள்கையை அந்தக் காவியம் தன் உச்சியில் வைத்திருக்கிறது. அந்த நீதி அவளுக்கு எப்போது கிடைத்தது? கணவன் வெட்டுண்டு மாண்ட பிறகு. தீங்கு நேர்ந்தபின் முறையிடுவதற்கு வாயில் திறந்திருந்தது. தீங்கு நேராதபடி நகரை நடத்துவதில் அவளுக்கோ, அவளைக் காப்பாற்ற முடியவில்லையே என்று தீப்புகுந்து மாண்ட மாதரிக்கோ, ஒரு சொல்லும் இல்லை. பதினான்காம் பிரிவுக்கும் வாக்குச் சீட்டுக்கும் உள்ள தூரம் அதுதான்.

இனி சமயங்கள் சொல்வதைப் பார்ப்போம். அதிதியைத் தேவனாகக் கொள் என்பது வைதிக மரபு. விருந்தோம்பலை இல்வாழ்வின் பயனாகவே வைத்தது வள்ளுவம். பசித்தவர் யாவர்க்கும் அமுதசுரபியிலிருந்து உணவளித்த மணிமேகலை, காஞ்சிக்கு வந்து அங்கும் பசிப்பிணி நீக்கினாள் என்பது பௌத்தக் காவியம். இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, தமிழன் வந்தாரை வாழவைத்தவன் என்று முடித்துவிடுவது எளிது. நான் அதனோடு திருப்தியடைய மாட்டேன். ஏனெனில், நம் தர்ம சாஸ்திரங்கள் அதிதிக்குக் காலவரையறை விதித்திருக்கின்றன. ஓரிரவு தங்கிப் போகிறவனே அதிதி. துறவியும் மழைக்காலம் நீங்கலாக ஒரே ஊரில் நெடுநாள் தங்கலாகாது என்று விதித்தார்கள். கடந்து போகிறவனுக்கு ஒரு முறை, தங்கி வாழ்கிறவனுக்கு வேறொரு முறை என்னும் பாகுபாடு அவர்களுக்குத் தெளிவாய் இருந்தது. அதிதிக்கு அன்னமும் படுக்கையும் மரியாதையும் உண்டு. வீட்டு நிர்வாகத்தில் அவனுக்குக் குரல் இல்லை, அதை அவன் எதிர்பார்ப்பதும் இல்லை, மறுநாள் அவன் போய்விடுவான். போகாமல், போக முடியாமல், அதே கூரையின் கீழ் நாற்பது ஆண்டுகள் இருந்து, அங்கேயே பிள்ளை பெற்று, பெற்றோரை அங்கேயே தகனம் செய்தவனை இன்னமும் விருந்தினன் என்று அழைப்பது அவனை உபசரிப்பதாகாது. உபசாரத்தின் பெயரால் அவனை வாசலிலேயே நிறுத்திவைப்பதாகும்.

2025 மே மாதத்தில், இலங்கைத் தமிழர் ஒருவருடைய வழக்கில், உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்று வைத்துக்கொள்ள இந்தியா ஒரு தர்மசாலை அன்று என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் குறிப்பிட்டார். அந்த வழக்கு சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டவரைப் பற்றியது. அதன் நியாயங்கள் வேறு. ஆனால் அந்த வாக்கியம் பலரைப் புண்படுத்தியது. நான் அதனை வேறு விதமாக ஏற்றுக்கொள்கிறேன். பாரதம் தர்மசாலை அன்று என்பது மெய். சத்திரங்களில் வழிப்போக்கர் ஓரிரு நாள் தங்கிக் களைப்பாறிப் போவார்கள்; நாற்பது ஆண்டு தங்குகிறவர் எவரும் இல்லை. முகாமில் பிறந்து, முகாமிலிருந்து பள்ளிக்குப் போய், முகாமிலேயே கலியாணம் செய்துகொண்ட பெண்ணை நாம் சத்திரத்தில் வைக்கவில்லை, ஊரில் வைத்திருக்கிறோம். ஆகையால் அவளுக்குச் செய்யவேண்டியது சத்திரத்துக்குரிய தர்மமன்று, ஊருக்குரிய தர்மம்.

இந்தப் பாகுபாட்டை வேறொரு சமயமும் அழகாகக் கண்டிருக்கிறது. கி.பி. 622-இல் மக்காவிலிருந்து இடம்பெயர்ந்து மதீனாவுக்கு வந்தவர்களை நபிகள் நாயகம் அந்நகரத்தாரின் தயவில் விட்டுவிடவில்லை. வந்தவர் ஒருவரையும் உள்ளூரார் ஒருவரையும் இணைத்துச் சகோதரர்களாக்கினார். நகரத்து உடன்படிக்கையிலும் வந்தவர்கள் ஒரு தரப்பாக இடம்பெற்றார்கள். வரவேற்ற மதீனத்தாருக்கு அன்சாரிகள் என்று பெயர். அவர்களுள் ஒருவரான தமீம் அன்சாரி என்பவரின் உடல் கடலில் மிதந்து வந்து கரை சேர்ந்தது என்னும் நம்பிக்கையோடு, மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்திலுள்ள தர்காவில் இந்துக்களும் முஸ்லிம்களும் இன்றும் கூடி வணங்குகிறார்கள். அகதிகளை உடன்பிறப்பாக்கிய கூட்டத்தைச் சேர்ந்தவராக நம்பப்படும் ஒருவரை நெஞ்சில் வைத்துப் போற்றும் கரை இது.

எதிர்வாதங்களை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றுள் மிகக் கடினமானது செங்கல்பட்டு மண்ணிலேயே பிறந்தது. 1991 மே 21-ஆம் நாள் இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் அந்நாளில் செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த இரவுக்குப் பிறகு தமிழகத்தின் மனநிலையே மாறிப்போயிற்று. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது, மாணவர்களின் கல்விச் சலுகைகள் நின்றன, 1992 தொடக்கத்திலிருந்து கப்பலேற்றித் திருப்பியனுப்புதல் தொடங்கியது. சந்தேகத்துக்கு ஆளானவர்களை அடைத்துவைத்த சிறப்பு முகாம்களுள் ஒன்று செங்கல்பட்டிலேயே இருந்தது. புகலிடம் கொடுத்த நாட்டின் முன்னாள் பிரதமரை அந்த நாட்டிலேயே கொன்ற பாதகத்தை எந்த அரசியல் நியாயமும் கழுவாது. அன்று தமிழ்நாடு கொண்ட கோபம் இயல்பான கோபம். ஆனால் ஓர் இயக்கம் செய்த கொலைக்கு, அந்த இயக்கத்துக்கும் சிங்கள அரசுக்கும் இடையே சிக்கி ஓடி வந்த ஏழைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிராயச்சித்தம் செய்யவேண்டும் என்பதை எந்தக் கர்ம சித்தாந்தமும் ஏற்காது. ஒருவன் வினை அவனையே சேரும் என்றுதானே நம்முடைய சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் ஒருமுகமாகச் சொல்கின்றன? அன்று பிறக்காத பிள்ளைக்கு இன்று வயது முப்பதைக் கடந்துவிட்டது.

அவர்கள் ஒரு நாள் திரும்பிப் போக விரும்புகிறவர்கள், ஆகவே ஊரில் அவர்களுக்கு நிலையான ஈடுபாடு இராது என்பது இன்னொரு வாதம். பல்லவர் காலத்துச் செய்தி ஒன்று இதற்கு மறுமொழியாகும். அரசுரிமை இழந்து தப்பி வந்த சிங்கள இளவரசன் மானவர்மன் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து நெடுங்காலம் இங்கேயே வாழ்ந்தான் என்றும், பல்லவனுடைய பகைவனான வல்லபனோடு நடந்த போரில் உயிரைப் பொருட்படுத்தாமல் உடன் நின்றான் என்றும், நன்றி மறவாத பல்லவன் கப்பற்படை கொடுத்து அனுப்பியும் முதன்முறை காரியம் கைகூடாமல் திரும்பி, இரண்டாம் முறையே அரியணை ஏறினான் என்றும் இலங்கையின் சூளவம்சம் கூறுகிறது. அந்தப் படை மாமல்லபுரத் துறையிலிருந்தே பாய் விரித்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலருடைய ஊகம். சொந்த நாட்டுக்குப் போகவேண்டும் என்னும் ஏக்கம் புகுந்த நாட்டின்மீது கொண்ட பற்றைக் குறைத்துவிடவில்லை என்பதற்குச் சிங்களவன் ஒருவன் சாட்சியாக நிற்கிறான். ஒருவன் இங்கேயே சாகத் தீர்மானித்தால்தான் அவன் குடிக்கும் தண்ணீரைப் பற்றிப் பேச அவனுக்கு உரிமை உண்டு என்பது என்ன நியாயம்? தெருவிளக்கு இன்று எரியவேண்டும்.

மூன்றாவது வாதம் தத்துவ ஆழம் உடையது. வாக்கு என்பது ராஜ்யாதிகாரத்தின் ஒரு துளி. அந்த அதிகாரம் ஒரு தேசத்து ஜனங்கள் என்னும் கூட்டத்துக்கே உரியது. கூட்டத்தில் சேராதவனுக்கு அதில் பங்கு கொடுத்தால் கூட்டம் என்பதற்கே பொருளில்லாமற் போகும். 1990 அக்டோபரில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், அந்நியர்களுக்கு உள்ளாட்சி வாக்குக் கொடுத்த இரு மாநிலச் சட்டங்களை ஏறத்தாழ இந்தக் காரணத்தாலேயே ரத்து செய்தது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் அதனை ஒப்புக்கொள்ளவும் செய்கிறேன். யுத்தமும் சமாதானமும், எல்லையும் படையும், குற்றவியல் சட்டமும் தேசத்தின் காரியங்கள். கிணற்றைத் தூர் வாருவதும், குப்பை அள்ளுவதும், சுடுகாட்டுக்குப் பாதை போடுவதும் தேசத்தின் இறையாண்மையைத் தொடுவதில்லை. ஊர் வேறு, நாடு வேறு, ராஜ்யம் வேறு என்று சோழர் காலத்து நிர்வாகமே தனித்தனி அடுக்காக வைத்திருந்தது. அரசர் மாறினாலும் ஊர்ச்சபை தன் ஏரியைத் தானே காத்துவந்தது. நம் சாசனத்திலும் இந்தப் பேதத்தின் சாயல் தென்படுகிறது. வயதுவந்த பிரஜைகள் யாவருக்கும் வாக்குரிமை என்று சொல்லும் 326-ஆம் பிரிவு மக்களவையையும் மாநிலச் சட்டமன்றங்களையுமே பெயர் சொல்லிக் குறிக்கிறது. 1993 ஏப்ரல் 24-ஆம் நாள் அமலுக்கு வந்த 73-ஆம் திருத்தம், கிராம சபையை அந்தக் கிராமத்து வாக்காளர் பட்டியலில் பதிவு பெற்றவர்களின் சபை என்கிறது. பட்டியலில் யார் யார் என்பதற்குச் சட்டசபை இயற்றும் சட்டங்களையே பார்க்கவேண்டியிருக்கிறது.

கிரேக்கத்தின் அதென்ஸ் நகரில் பிற ஊரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குத் தனி வரி உண்டு, போர்க் கடமை உண்டு, நிலம் வாங்கவும் சபையில் வாக்களிக்கவும் உரிமை இல்லை. குடிமகன் யார் என்னும் கேள்வியை அரசியல் நூலில் ஆராய்ந்து, நீதி வழங்குவதிலும் ஆட்சியிலும் பங்கு கொள்கிறவனே குடிமகன் என்று வரையறுத்த அரிஸ்டாட்டில், வடக்கே ஸ்டாகிராவில் பிறந்தவர். அதென்ஸில் பல்லாண்டுகள் வாழ்ந்து, அங்கே தம் கல்விச்சாலையை நிறுவியும், அந்நகரின் சபையில் கை தூக்க முடியாத வந்தேறியாகவே இருந்தார். அவரினும் அந்நகரை அறிந்தவர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவருடைய ஆலோசனையை இழந்ததால் நஷ்டம் அவருக்கன்று, அதென்ஸுக்கே.

உலகம் பிறகு பல இடங்களில் வேறு வழி கண்டது. சுவிட்சர்லாந்தின் நொய்ஷாட்டல் மாநிலம் 1849-இலேயே வெளிநாட்டவருக்கு ஊர்த் தேர்தலில் வாக்குரிமை அளித்தது. சுவீடன், டென்மார்க், நார்வே ஆகிய நாடுகள் சில ஆண்டுகள் தங்கி வாழ்ந்தவர்களுக்கு உள்ளாட்சி வாக்கைக் கொடுத்திருக்கின்றன. நார்வேயில் மூன்றாண்டு வாசம் போதும். நியூசிலாந்து 1975 முதல் நிரந்தரவாசிகளைப் பாராளுமன்றத் தேர்தலுக்கே அனுமதிக்கிறது. பிரிட்டனில், காமன்வெல்த் நாட்டுப் பிரஜைகள் சட்டப்படி தங்க அனுமதி பெற்றிருந்தால் பாராளுமன்றம் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். செங்கல்பட்டிலிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போன இளைஞன் இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்நாட்டுப் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு கொள்கிறான். ஒரே படகில் மன்னாரிலிருந்து வந்த சகோதரர் இருவருள் ஒருவர் பிறகு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், இலங்கைப் பிரஜையாகவே அவருக்கு அங்கே வாக்கு உண்டு. மொழியும் கோயிலும் உணவும் தம்முடையதாகவே உள்ள தமிழ்நாட்டில் தங்கிவிட்டவருக்கு வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குக்கூட இல்லை. ஒஸ்லோ நகரின் துணை மேயராக 2015-இல் பதவியேற்ற கம்ஷாஜினி குணரத்தினம், சிறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் அங்கே போய்ச் சேர்ந்தவர் என்பதை நாம் கொண்டாடினோம். கொண்டாடும்போது, நம் ஊர் முகாமில் அவர் வயதொத்த பெண்ணை நினைத்தவர் எத்தனை பேர்?

நெஞ்சை அதிகம் உறுத்துவது இலங்கையின் மலையகச் சரித்திரம். டொனமூர் சீர்திருத்தத்தால் 1931-இல் இலங்கையில் வயதுவந்தோர்க்கு வாக்குரிமை வந்தபோது, தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் தமிழர்களுள் பலர் வாசத்தை நிரூபித்து வாக்குப் பெற்றனர். அதைத் தொடர்ந்து வந்த முதல் பறிப்பு பாராளுமன்றத்தில் நடக்கவில்லை, கிராமத்தில் நடந்தது. 1937-ஆம் ஆண்டின் கிராம சமுதாயச் சட்டத்தால், தோட்டங்களில் வசிக்கும் தொழிலாளர்கள் கிராம சபைத் தேர்தலிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீங்கள் தோட்டத்தைச் சேர்ந்தவர்கள், கிராமத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றார்கள். இந்தியாவிலிருந்து கண்டனக் குரல்கள் எழுந்தன. 1939-இல் நேரு நேரில் சென்று பேசியும் பயனில்லை. கிராம வாக்குப் பறிபோய்ப் பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே பாராளுமன்ற வாக்கும் போயிற்று. அதனை எதிர்த்துத் தம் கட்சியையே விட்டு வெளியேறித் தமிழரசுக் கட்சியைக் கண்டவர் செல்வநாயகம். 1964 அக்டோபர் 30-இல் ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. பிரதேச சபைகள் தோட்டப் பகுதிகளுக்குச் செலவு செய்வதற்கு இருந்த தடை நீங்க 2018 வரை காத்திருக்க நேர்ந்தது.

தோட்டத்தை ஊரின் உள்ளே வைத்துக்கொண்டே ஊருக்கு வெளியே என்று சொன்ன அந்த அநியாயத்தை நாம் இன்றும் சரியாகவே கண்டிக்கிறோம். இன்று நம் முகாம்களில் வாழ்வோருள் கணிசமானோர் அந்தத் தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகள். கலவரங்களுக்கு அஞ்சி வவுனியாவுக்கு இறங்கி, அங்கும் வாழ முடியாமல் கடல் கடந்தவர்கள். பாட்டனைப் பார்த்து நீ தோட்டத்தான், கிராமத்தான் அல்ல என்றது இலங்கை. பேரனைப் பார்த்து நீ முகாமைச் சேர்ந்தவன், கிராமத்தைச் சேர்ந்தவன் அல்ல என்று சொல்வது நாம்.

நண்பர் ஒருவர், இந்த மக்களுக்காகவே நெடுங்காலம் உழைத்தவர், என் கருத்தை மறுத்தார். ஊராட்சி வாக்கைக் கொடுத்தால், அதுவே போதுமென்று குடியுரிமையை என்றைக்கும் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். பாதியைக் காட்டி முழுமையை மறைப்பதற்கு நீங்கள் துணைபோகிறீர்கள் என்றார். இந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் விடுபட்டது பெருங்குறை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது நல்ல காரியம்; ஆயினும் தண்டனை இல்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் எவரும் பிறப்பாலேயே பிரஜை என்னும் சட்டத்தை எடுத்துக்காட்டி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வென்று, கடவுச்சீட்டும் வாக்காளர் அட்டையும் பெற்று, 2024 ஏப்ரல் 19-ஆம் நாள் திருச்சியில் முதன்முறையாக வாக்களித்தார். அந்த நாள்முதல் பிறந்த தம்பி தங்கையருக்கு அந்த வழி இல்லை. ஓராண்டு முன்பின் பிறந்ததால் ஒரே வீட்டில் ஒருவர் பிரஜை, மற்றவர் அந்நியர். குடியுரிமையே முழுப் பரிகாரம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அது டெல்லியின் கையில் இருக்கிறது. நாற்பது ஆண்டு காத்தாயிற்று. உள்ளாட்சி மாநிலத்தின் கையில் இருக்கிறது.

பாதி உரிமை முழு உரிமைக்குத் தடையாகிறதா, படியாகிறதா என்பதற்கு ஜம்முவின் அனுபவம் ஒரு பாடம். 1947-இல் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து ஜம்முவில் தங்கியவர்கள், பாரதப் பிரஜைகளாய் மக்களவைக்கு வாக்களித்தும், சட்டமன்றத்துக்கும் ஊராட்சிக்கும் வாக்களிக்க முடியாமல் எழுபது ஆண்டுகள் இருந்தார்கள். 2020-இல் மாவட்ட வளர்ச்சிக் குழுத் தேர்தலில் முதன்முறை வாக்களித்த முதியவர்களின் ஆனந்தத்தைத் தேசமே பார்த்தது. டெல்லிக்கு ஆள் அனுப்பும் வாக்கு அவர்களிடம் எப்போதும் இருந்தது. எழுபது வருஷம் அவர்கள் ஏங்கியது பக்கத்து வீட்டுக்காரன் அமரும் சபையில் தாங்களும் அமர்வதற்கு.

அந்தச் சபை எப்படி இருக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அக்டோபர் 2-ஆம் நாள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு, மேசையில் காந்தி படம் வைத்து, ஊராட்சிச் செயலர் வரவு செலவு வாசிப்பார். குடிநீர்க் குழாய் எந்தத் தெரு வரை போகும் என்று சச்சரவு எழும். முகாமிலிருந்து வந்த இரண்டு மூன்று பெண்கள் பந்தலின் ஓரத்தில், சங்கிலிக் கேட்டுக்கு அருகே நிற்பார்கள். பதிவேட்டில் அவர்கள் கையெழுத்து வாங்கப்படுவதில்லை. தலைவர் நல்லவரானால் கூட்டம் முடிந்தபின் அவர்களைக் கூப்பிட்டு, என்னம்மா உங்களுக்கு என்று கேட்பார். அவர்களும் லாரித் தண்ணீர் மூன்று நாளாய் வரவில்லை என்பதை யாசகம் கேட்கும் குரலில் சொல்வார்கள். தலைவர் உதவியும் செய்வார். அவருடைய நல்ல மனத்தை நான் குறை கூறவில்லை. ஒரு மனிதனுடைய நல்ல மனத்தை நம்பி இன்னொரு மனிதன் காலமெல்லாம் வாழவேண்டியிருப்பது இருவருக்குமே தீது. கொடுப்பவனுக்கு அகந்தையும் வாங்குபவனுக்குக் கூச்சமும் வளர்க்கிற தானத்தை நம் பெரியோர் உத்தமமானதாக மதிக்கவில்லை.

நேற்று வந்து இறங்கியவருக்கு இன்றே வாக்குக் கொடுக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே உள்ளாட்சியின் எல்லைக்குள் ஐந்தாண்டு பதிவு பெற்று வாழ்ந்தவர்களுக்கு, அந்த உள்ளாட்சித் தேர்தலில் மட்டும், தனிப் பட்டியலின் மூலம் வாக்களிக்கும் உரிமை தரலாம். போட்டியிடும் உரிமையை வேண்டுமானால் குடியுரிமை கிட்டும்வரை நிறுத்திவைக்கலாம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இதற்கேற்ற திருத்தம் செய்ய முடியுமா, 73-ஆம் திருத்தம் அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைச் சட்ட வல்லுநர் குழு ஒன்றிடம் மாநில அரசு இன்றே ஒப்படைக்கட்டும். நீதிமன்றம் ஒருவேளை மறுத்தாலும், சட்டமன்றத்தில் அந்த மசோதா விவாதிக்கப்படுவதே அந்த மக்களுக்கு நாம் செய்யும் முதல் மரியாதையாகும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. அப்போது பொறுப்பேற்றவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்த பட்டியல் தயாராகும்போது, உங்கள் ஊராட்சி எல்லைக்குள் ஒரு முகாம் இருந்தால், அங்கே எத்தனை பெயர்கள் விடுபடுகின்றன என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க முடியாது, நீங்கள் கேட்கலாம்.